திரையை நம்பாத கை

மைசூரு ஹெப்பாள் போன்ற தொழிற்பேட்டைகளில் வார்ப்பிலும் வெல்டிங்கிலும் மறைந்திருக்கும் விரிசலை ஒலியலை விட்டும் தேடுவார்கள். பிரசவ ஆஸ்பத்திரி ஸ்கேனும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். 1955-இல் கிளாஸ்கோ பேராசிரியர் இயன் டொனால்ட், அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவிலிருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பைச் சோதிக்கும் கருவியில் நீர்க்கட்டி ஒரு மாதிரியும் தசைக்கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன. மருத்துவர் ஜான் மெக்விகர், பொறியாளர் டாம் பிரவுன் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1958-இல் ‘லான்செட்’டில் வந்தது.

கருவியைவிட அதைப் பிடிக்கும் கைதான் எனக்குப் பிடித்தது. அந்தக் கையின் அழகு உதிரப்போக்கு கேஸில் தெரியும். எட்டாம் மாதம், வலியே இல்லை, பளிச்சென்று சிவப்பாக ரத்தம். விரல் விட்டுப் பார்க்கவே கூடாது. நஞ்சு (பிளசென்டா) கருப்பை வாயை மூடியிருந்தால் அந்த விரலே ரத்தப்பெருக்கைத் திறந்துவிடும். முதலில் ஸ்கேன். தேர்ந்தவர் ஸ்கேன் புரோபை வயிற்றில் அழுத்துவதில்லை, ஜெல்லின் மேல் மிதக்க விடுகிறார். நஞ்சு வாயை மூடியதுபோல் தெரிகிறது. உடனே எழுதிவிடுவாரா? மாட்டார். “பாத்ரூம் போயிட்டு வாங்கம்மா” என்கிறார். நிரம்பிய சிறுநீர்ப்பை கருப்பையின் கீழ்ச்சுவர்களை நெருக்கி, இல்லாத அடைப்பைக் காட்டும். திரும்பி வந்து படுத்தால் சில சமயம் படமே மாறியிருக்கும்.

சந்தேகம் தீராவிட்டால் பிறப்புறுப்பு வழியாக உள்வழி ஸ்கேன். ரத்தம் போகிறபோது இதுவா என்று வீட்டார் பதறுவது நியாயம். ஆனால் புரோபின் நுனி கருப்பை வாய்க்குள் நுழையாமல் சற்றுத் தள்ளியே நிற்கும். அங்கிருந்து நஞ்சின் விளிம்புக்கும் வாயின் உள்துளைக்கும் நடுவே ஒரு கோடு இழுக்கிறார். கடைசி மாதங்களில் 20 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் சுகப்பிரசவத்துக்கு வழியுண்டு. வாயை மூடியிருந்தால் சிசேரியன்தான். முன்பே சிசேரியன் ஆனவர் என்றால் பார்வை அதோடு நிற்காது. நஞ்சுக்குப் பின்னாலுள்ள மெல்லிய கருங்கோடு அறுந்திருக்கிறதா, நஞ்சுக்குள் ஒழுங்கற்ற ரத்தக்குழிகள் உண்டா என்று தேடுவார். நஞ்சு சுவரைத் துளைத்து வேர்விட்டிருந்தால், ரத்தமும் கைதேர்ந்த குழுவும் தயாராக உள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம்.

நஞ்சு முன்கூட்டியே பிய்ந்தால் கதை வேறு. புது ரத்தக்கட்டி நஞ்சின் நிறத்திலேயே தெரிவதால் ஸ்கேன் பல சமயம் கோட்டைவிடும். திரை ‘நார்மல்’ என்றாலும் வயிறு கல்லாக இறுகியிருக்கிறதா என்று கைவைத்துப் பார்ப்பவர்தான் என் கணக்கில் பெரிய கலைஞர்.

ஐந்தாம் மாத ரிப்போர்ட்டில் ‘நஞ்சு கீழே’ என்றிருந்தால் கலங்க வேண்டாம். கருப்பை வளர வளர பெரும்பாலும் மேலேறிவிடும். 32-ஆம் வார வாக்கில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் ரத்தம் பட்டால், வலி இல்லையே என்று வீட்டில் உட்கார்ந்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஹெப்பாள்காரர்களுக்கு மைசூரு நகருக்குள்ளேயே அரசு செலுவாம்பா ஆஸ்பத்திரி இருக்கிறது.