பிரெஞ்சு – தமிழ் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தின் இடையீடு

இந்தியப் பல்கலைக்கழகங்களில் பிரெஞ்சு பயிலும் தமிழ் மாணவர் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே அம்மொழியை அணுகுகின்றனர். பிரெஞ்சு இலக்கியங்கள் பலவும் ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வந்துள்ளன. இதனால், பயில்வோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகள் அனைத்தும் பிரெஞ்சு மொழிக்கே உரியனவாகக் கருதப்படுகின்றன. அவற்றுள் ஒரு பகுதி இடையில் நிற்கும் ஆங்கிலத்தால் விளைவது என்பதை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

பிரெஞ்சில் 'மாங்க்கே' என்னும் வினை ஒருவரது பிரிவை உணர்வதைக் குறிக்கும். இதில் பிரிந்திருப்பவரே எழுவாய். பிரிவை உணர்பவர் 'எனக்கு' என்னும் பொருளில் வருவார். ஆங்கிலத்தில் உணர்பவரே எழுவாய் ஆதலின், அதன் வழி பயில்வோர் 'நீ இல்லாத குறை எனக்கு' எனக் கூறக் கருதி, 'நான் இல்லாத குறை உனக்கு' என்று பொருள்படும் தொடரை அமைத்து விடுகின்றனர். 'பிடித்தல்' என்னும் பொருளுடைய 'ப்ளேர்' என்னும் வினையும் இத்தகையதே. 'எனக்குப் பிடிக்கிறது', 'எனக்கு வேண்டும்' என நான்காம் வேற்றுமையால் கூறிப் பழகிய தமிழருக்கு இவ்வமைப்பு அயலானதன்று.

காலத்திலும் இதுவே நிலை. 'பத்து ஆண்டுகளாக இங்கு வாழ்கிறேன்' எனத் தமிழ் நிகழ்காலத்தில் கூறுவதைப் பிரெஞ்சும் 'தெப்புய்' என்னும் சொல்லைச் சேர்த்து நிகழ்காலத்திலேயே கூறும். ஆங்கில மரபைப் பின்பற்றுவோரே இங்கு இறந்தகால வடிவத்தைப் பெய்து பிழைபடுகின்றனர்.

ஆயினும் தமிழ் எல்லா இடங்களிலும் துணைநிற்கும் எனக் கொள்ளுதல் பொருந்தாது. தமிழில் திணையும் பாலும் பொருளை அடியொற்றியன. பிரெஞ்சிலோ மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால்; காவல் வீரனைக் குறிக்கும் 'சாந்தினெல்' என்னும் சொல்லும் பெண்பாலே. உடைமை குறிக்கும் சொல்லும் உடைமைப் பொருளின் பாலைக் காட்டுமேயன்றி உடையவரின் பாலைக் காட்டாது. 'அவனது', 'அவளது' என்பவற்றுள் ஒன்றை மொழிபெயர்ப்பாளர் சூழல் நோக்கியே தெரிதல் வேண்டும்.

இவ்வேறுபாடுகள் இலக்கியப் பொருளையே தீர்மானிக்கும் என்பதற்கு, அல்பேர் காம்யு 1942இல் வெளியிட்ட நாவல் தக்க சான்றாகும். வெ. ஸ்ரீராம் இதனைப் பிரெஞ்சிலிருந்து நேரடியாகப் பெயர்க்க, 'அந்நியன்' என்னும் பெயரில் க்ரியா 1980இல் வெளியிட்டது. இந்நாவலில் மெர்சோ ரேமோனுக்காக ஒரு கடிதம் எழுதித் தருகிறான். அதன்பின் ரேமோன் அவனை 'வூ' என்பதை விடுத்துத் 'த்யு' என விளிக்கத் தொடங்குகிறான். மெர்சோ அதனை முதலில் கவனிப்பதில்லை. பின்னர் வரும் கொலைக்கு வழிகோலும் நட்பு, ஒரு முன்னிலைப் பெயர் மாறும் இவ்விடத்தில் உறுதிப்படுகிறது. முன்னிலைக்கு 'யூ' என்னும் ஒரு சொல்லே உடைய ஆங்கிலம் இதற்கு ஈடாக வேறொன்றைத் தேட வேண்டும். தமிழுக்கோ 'நீங்கள்' என்பது 'நீ' என மாறினால் போதும். ஆங்கிலத்தை மட்டும் நோக்கிப் பெயர்ப்பவர், மூலத்தில் தெளிவாக உள்ள ஒன்றை ஊகிக்க நேர்கிறது.

இந்நாவல், எழுத்து வழக்கிற்குரிய இறந்தகாலத்தைத் தவிர்த்துப் பேச்சு வழக்கின் கூட்டு இறந்தகாலத்தைக் கையாள்கிறது. வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது தனித்து நிற்பதை இக்கால வடிவத்தோடு இணைத்துச் சார்த்தர் 1943இல் விளக்கினார். இக்கூட்டு வடிவம் தோற்றத்தில் 'வந்திருக்கிறான்' என்பதை ஒத்திருப்பினும், இங்குப் பயன்பாட்டில் 'வந்தான்' என்பதே ஆகும். பிரெஞ்சின் இவ்விரு இறந்தகாலங்களையும் வேறுபடுத்திக் காட்டத் தமிழில் தனித்தனி வினைமுற்று இல்லை. மேலும், 'எழுந்து, சென்று, பார்த்து' என வினையெச்சங்களால் தொடுத்துச் செல்வது தமிழின் இயல்பு. அவ்வியல்புக்கு இடங்கொடுப்பின் மூலத்தின் துண்டிப்பு மறைந்துவிடும். ஒவ்வொரு செயலையும் வினைமுற்றால் முடிப்பதே இங்குப் பொருந்தும் நெறி.

பிரெஞ்சு அறிஞர் ழூலியன் வேன்சோன் 1903இல் தமிழ் மொழிக் கையேட்டைப் பிரெஞ்சிலேயே எழுதி வெளியிட்டார். பிரெஞ்சுக்காரருக்குத் தமிழை நேரே விளக்கிய அம்முறை, தமிழருக்குப் பிரெஞ்சை விளக்கும் பாடநூல்களுக்கும் வேண்டும். ஆங்கிலத்தால் விளையும் இடர், பிரெஞ்சுக்கே உரிய இடர், தமிழின் எல்லையால் விளையும் இடர் என மூன்றையும் பிரித்துக் காட்டும் ஒப்பிலக்கணம் உருவாதல் இன்றியமையாதது. மொழிபெயர்ப்புத் திறனாய்வும் ஒரு பெயர்ப்பில் காணும் குறை இம்மூன்றனுள் எதன்பாற்படும் என்பதை ஆராய்ந்த பின்னரே தீர்ப்புக் கூறுதல் தகும்.