சுப்ரா விரித்த கடைகள்
நாகூர் உண்டிச்சாலைகள் பற்றி ஒரு மதிப்பீடு

விருந்து நாட்களில் நம் இல்லங்களில் விரிக்கப்படும் உணவு விரிப்பை 'சுப்ரா' என்கிறோம். 'சுஃப்ரா' என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம் இது. பயணத்தைக் குறிக்கும் 'சஃபர்' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. வழிப்போக்கன் கட்டிச் செல்லும் உணவுக்கே முதலில் இது பெயராக இருந்தது. பின்னர் அவ்வுணவைப் பொதிந்து வைக்கும் தோலுக்கும், அதன் பின்னர் உண்பதற்காக விரிக்கும் விரிப்புக்கும் ஆகிவந்தது. 'கந்தூரி' என்ற பாரசீகச் சொல்லுக்கும் உணவு விரிப்பு என்பதே பொருள். நாகூரில் ஆண்டுதோறும் நடைபெறும் பெருவிழாவுக்கு அச்சொல்லே பெயராக நிலைத்துவிட்டது. விரிப்பின் பெயரால் விழாக் கொண்டாடும் ஓர் ஊரில் வழிப்போக்கனுக்கு விரிக்கப்படும் சுப்ரா எவ்வாறு இருக்கிறது? இக்கட்டுரை ஆராய விரும்புவது அதனையே.

கடையில் உண்பதே இழிவு என்று கருதுவோர் நம்மில் இன்னும் உளர். அவர்கள் கட்சியில் யான் இல்லை. இக்கடற்கரையில் அட்டு விற்கும் தொழில் மிகப் பழையது. பூம்புகாரின் மருவூர்ப்பாக்கத்தைச் சொல்லும் இளங்கோவடிகள், பிட்டு விற்கும் காழியரையும் அப்பம் விற்கும் கூவியரையும் நகரின் மற்றத் தொழிலாளரோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறார். பட்டினப்பாலை காட்டும் அட்டிற்சாலைகளில் வடித்த கஞ்சி தெருவில் ஆறு போல் ஓடியது. எனவே, கடைச் சோறு கூடுமா கூடாதா என்பதன்று கேள்வி; அது எத்தகைய சோறாக இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

இதற்கு அளவுகோல் எது? இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா'வின் இரண்டாம் கால்பகுதியை உண்ணும் ஒழுக்கங்களைக் கொண்டே தொடங்குகிறார். தனித்து உண்பவன், கூடி உண்போர், வந்தவருக்கு உணவிடல், விருந்துக்கு அழைத்தல் என அவருடைய ஆய்வு விரிகிறது. ஆனால் அது உண்பவனுக்கும் விருந்தளிப்பவனுக்கும் உரியது. சமைத்து விற்பவனுக்கு உரிய நெறிகளைக் காண 'ஹிஸ்பா' நூல்களைப் புரட்ட வேண்டும். அங்காடிகளை மேற்பார்வையிடும் 'முஹ்தசிப்' என்னும் அதிகாரிக்காக எழுதப்பட்ட கைந்நூல்கள் அவை. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ எழுதிய 'நிஹாயத்துர் ருத்பா' அவற்றுள் சிறப்பு வாய்ந்தது. நம் மதரஸாப் பாடத்திட்டங்களில் அதற்கு இடமில்லை. சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்தோடு நாகூர் சென்றிருந்தபோது அந்நூலை நினைவிற்கொண்டே மூன்று வேளையும் வெளியில் உண்டோம்.

காலையில் நுழைந்த கடையின் முகப்பிலேயே பரோட்டாக் கல் இருந்தது. மாஸ்டரின் கைத்திறனைப் பாராட்டாமலிருக்க இயலாது. ஊறிய மாவை உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, உள்ளங்கையால் பரப்பி, வீசி வீசிக் கண்ணாடி போலாக்கி, மடித்துச் சுற்றி வைக்கிறார். வெந்தபின் நான்கைந்தை அடுக்கி இரு கையாலும் அடிக்க, ஏடு ஏடாய்ப் பிரிகிறது. சால்னாவில் தேங்காயும் கசகசாவும் அளவறிந்து சேர்ந்திருந்தன. சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அடுப்பின் வெக்கையில் அவர் நெற்றி வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. கல்லுக்கு மேலே ஒரு மின்விசிறிகூட இல்லை. அஷ்ஷைஸரீ இதற்கு விதி வகுத்திருக்கிறார். மாவு பிசைபவன் காலாலோ முழங்காலாலோ முழங்கையாலோ பிசையலாகாது. தும்மலும் எச்சிலும் விழாதபடி வாயை மூடிக்கொள்ள வேண்டும். வியர்வை சொட்டாதிருக்க நெற்றியில் வெண்துணி கட்ட வேண்டும். பகலில் ஈ ஓட்ட ஒருவன் விசிறியோடு அருகில் நிற்க வேண்டும் என்பன அவ்விதிகள். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் திமிஷ்கின் அங்காடிகளை அறிந்த ஒருவர் கேட்டது ஒரு முழத் துணியையும் ஒரு விசிறியையுமே. அதனைக்கூட நம் முதலாளிகள் வாங்கித் தரவில்லை. இந்தக் குறை தொழிலாளியைச் சார்ந்ததன்று, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் விசிறிக் காற்றில் அமர்ந்திருப்பவரைச் சார்ந்தது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பெற்ற உரிமம் சுவரில் சட்டமிட்டுத் தொங்கிற்று. சட்டம் சுவரோடு நின்றுவிட்டது.

நண்பகல் உணவுக்குச் சற்றுப் பெரிய உணவகம் ஒன்றிற்குப் போனோம். பெண்கள் உடன் இருந்ததால் 'குடும்ப அறை'க்கு அனுப்பினர். பாத்திரம் கழுவுமிடத்தை ஒட்டி, சன்னல் இல்லாத, திரை தொங்கவிட்ட ஓர் அறை அது. "அத்தா, முன்னால அவ்வளவு இடம் காத்தோட்டமா காலியா கிடக்கே, எங்களுக்கு மட்டும் ஏன் இந்த இருட்டு?" என்று என் மகள் கேட்டாள். மறுமொழி சொல்ல எனக்கு நா எழவில்லை. பெண்களின் மறைவைப் பேணுதல் என்பது வேறு, அவர்களை மூலையில் தள்ளுதல் என்பது வேறு. அதே காசைத்தான் அவர்களுக்காகவும் கொடுக்கிறோம். கடையின் கடைசி இடத்தை அவர்களுக்கு ஒதுக்கிவிட்டு அதற்கு 'குடும்பம்' என்று பெயரிடுவது மரியாதை ஆகாது.

உணவுப் பட்டியலில் வஞ்சிரம் வறுவல் முதலிடம் பெற்றிருந்தது. நாங்கள் சென்றது மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன் இனம் பெருகும் பொருட்டு விதிக்கப்படும் நல்ல தடை அது. நாட்டுப் படகுகள் கரையோரம் பிடித்து வருவதே அந்நாட்களில் புதிய மீன். அதன் வரத்து குறைவு. "இன்னிக்குப் பிடிச்சதுங்க" என்று பரிமாறியவர் கூறினார். ஆனால் இலையில் விழுந்த துண்டு உலர்ந்து நார் நாராய்ப் பிரிந்து, பனிக்கட்டியில் நெடுநாள் கிடந்த கதையைத் தானே சொல்லிற்று. மீன் பொரிப்போர் கூடைகளையும் தட்டுகளையும் நாள்தோறும் கழுவி உப்பிட வேண்டும் என்றும், பழைய மீனைப் புதியதோடு கலக்கலாகாது என்றும் ஹிஸ்பா நூல் விதிக்கிறது. உறைய வைத்த மீனை விற்பது குற்றமாகாது. அதனை இன்று பிடித்தது என்று கூறி விற்பதே குற்றம்.

மறுநாள் சந்தொன்றில், நான்கே பலகைகள் கொண்ட சிறு கடையில் உண்டோம். யான் வஞ்சிரம் கேட்டதும் உரிமையாளர் கைகுவித்து, "வேணாங்க ஹஜ்ரத், இருக்கறது ஐஸ்ல வச்சது. இன்னிக்கு வந்தது நெத்திலியும் கிழங்கானும்தான், அதைச் சாப்பிடுங்க" என்றார். வாழையிலையில் பரிமாறிய அந்த நெத்திலிக் குழம்புக்கு ஈடாக எதையும் நாங்கள் நாகூரில் உண்ணவில்லை. விலையும் பாதியே. பட்டணத்து நாகரிகத்துக்கு அஞ்சி வஞ்சிரத்தையும் இறாலையும் மட்டுமே பட்டியலில் எழுதும் கடைகள், தம் கடல் தருகின்ற மத்தியையும் காரப்பொடியையும் பாரையையும் ஏன் மறைக்கின்றன? கடலோர ஊரின் உணவகம் தன் கடலையே மறந்தால் அது கடலோரத்தில் இருந்து என்ன பயன்?

முதல் நாள் மாலையில் பேரன் ஷவர்மா கேட்டான். துருக்கி மொழியில் சுழலுதலைக் குறிக்கும் சொல்லின் திரிபே ஷவர்மா. அரபு நாடுகளில் பிழைக்கச் சென்ற நம்மவர் கொண்டு வந்து சேர்த்த உணவு அது. அதன்மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் 2022 மே மாதத்தில் கேரளத்தின் செறுவத்தூரிலும், 2023 செப்டம்பரில் நம் நாமக்கல்லிலும் ஷவர்மா உண்ட பள்ளிச் சிறுமியர் இருவர் உயிரிழந்தனர். முழுதும் வேகாத இறைச்சி, வெப்பத்தில் நெடுநேரம் கிடந்த இறைச்சி, பச்சை முட்டை கலந்த மயோனைஸ் ஆகியவற்றில் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகும். அத்தகைய மயோனைசைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்ததும் இது பற்றியே. இறைச்சியை எப்போது கம்பியில் ஏற்றினீர்கள் என்று கடைப் பையனிடம் கேட்டேன். "மத்தியானம்" என்றான். அடுப்போ அணைந்திருந்தது. பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். "எல்லாரும் சாப்பிடறாங்க நன்னா" என்று வழியெல்லாம் அழுதான்.

சற்றுத் தொலைவில் வீட்டு வாசலில் ஒரு பெண்மணி வாடா சுட்டுக்கொண்டிருந்தார். அரிசி மாவில் வெங்காயமும் இறாலும் சேர்த்து, நடுவே துளையிட்டு, எண்ணெயில் பொரிக்கும் நாகூரின் சொந்தப் பண்டம் அது. மாவுச் சட்டி வெள்ளைத் துணியால் மூடப்பட்டிருந்தது. அவர் தலைத்துணி நெற்றியை இறுகச் சுற்றியிருந்தது. அஷ்ஷைஸரீயின் நூலை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அதன் விதிகள் அவர் கையில் இருந்தன. "இதை ஓட்டல்ல கேட்டுப் பார்த்தேன், இல்லைன்னுட்டாங்களே" என்றாள் என் இல்லாள். "ஓட்டல்ல ஆம்பளைங்கதானே லாத்தா சமைக்கறாங்க. இது எங்க உம்மா கைப்பக்குவம். எனக்கப்புறம் யார் சுடுவாளோ" என்றார் அவர். பேரன் இரண்டு தின்றான். ஆனாலும் ஷவர்மாவை அவன் இன்னும் மறக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அப்பெண்மணியின் சொற்களிலேயே என் மதிப்பீட்டின் சாரம் அடங்கியுள்ளது. இவ்வூரின் சமையற்கலையை அறிந்தவர்கள் பெண்கள். உண்டிச்சாலைகளோ அவர்களை உண்பவராக இருட்டறைக்கு அனுப்புகின்றன. சமைப்பவராக உள்ளேயே விடுவதில்லை. அதனால்தான் பட்டியலில் ஃபிரைடு ரைஸ் இருக்கிறது, வாடா இல்லை. வீட்டுக் கலை வீட்டோடு முடியும்போது, வழிப்போக்கனுக்குக் கிடைப்பது எந்த ஊரிலும் கிடைக்கின்ற உணவாகவே இருக்கும்.

உரிமையாளர்களை யான் வேண்டுவன சில. அன்றன்று வந்த மீன் இன்னது, உறைய வைத்தது இன்னது எனப் பலகையில் எழுதி வையுங்கள். பரோட்டாக் கல்லருகே நிற்பவருக்கு நெற்றித் துணியும் காற்றும் கொடுங்கள். குடும்பத்தினருக்குக் கடையின் நல்ல பகுதியை ஒதுக்குங்கள். வீட்டில் சுடும் பெண்களிடம் நாளுக்கு நூறு வாடா விலைக்கு வாங்கி உங்கள் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பையில் கொதிக்கும் சால்னாவை ஊற்றித் தராதீர்கள்.

வாசக அன்பர்களையும் வேண்டுகிறேன். நம் ஊர்களில் இன்று முஹ்தசிப் இல்லை. அரசின் அதிகாரி ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு நாளும் வர இயலாது. கேட்கும் பொறுப்பு உண்பவர் மேலேயே விழுகிறது. "இது எப்போது சமைத்தது?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை. உண்மை சொன்ன அந்தச் சந்துக் கடைக்காரரைப் போன்றவரிடம் மறுமுறையும் செல்லுங்கள். நாலு பேரிடம் சொல்லுங்கள். அவருடைய நேர்மைக்கு நாம் தரக்கூடிய கூலி அதுதான்.