நல்ல கவிதைக்கு மட்டுமா சுதந்திரம்?

அஹ்னாப் ஜெஸீமின் ‘நவரசம்’ தொகுப்புக்காக நாம் எப்படி வாதாடினோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 2017இல் வெளிவந்த அந்தக் கவிதை நூல் தொடர்பில், சிலாவத்துறையைச் சேர்ந்த அந்த இளம் ஆசிரியர் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 19 மாதங்கள் உள்ளே இருந்தார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

அந்நாட்களில் அவருக்காகப் பேசியவர்களுள் நானும் ஒருவன். நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “கவிதைகளை வாசித்துப் பாருங்கள், அவர் வன்முறைக்கு எதிராகத்தானே எழுதியிருக்கிறார்?” அது உண்மை. ஆனால் இன்று அந்த வாதம் எனக்குப் போதவில்லை. ‘இவை நல்ல கவிதைகள், ஆகவே விடுங்கள்’ என்று சொல்லும்போது, நல்லவையல்லாத கவிதைகளுக்குச் சிறை தகும் என்பதை நாமே ஒப்புக்கொண்டு விடுகிறோம். எது நல்லது என்று தீர்மானிக்கும் அதிகாரமோ நம் கையில் இல்லை. அது பொலிஸாரின் கையில் இருந்தது.

இதற்கு ஓராண்டு முன்னர், 2019 ஏப்ரலில், சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ‘அர்த’ எனும் சிறுகதைக்காகக் கைது செய்யப்பட்டார். பௌத்த மடாலய வாழ்வை இழிவுபடுத்தியது என்பது பிக்குகளின் முறைப்பாடு. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் 3ஆம் பிரிவு அவரை நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் வைத்தது. நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? ‘அது அவங்கட பிரச்சினை’ என்றிருந்தோம். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே சட்டம் ரம்ஸி ராஸிக்கின் கதவைத் தட்டியது. பேனாவாலும் கீபோர்டாலும் கருத்தியல் ஜிஹாத் செய்ய வேண்டும் என்று முகநூலில் எழுதியதற்காக ஐந்து மாதங்களுக்கு மேல் அவர் அடைபட்டுக் கிடந்தார். அவரது உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2023 ஆகிவிட்டது.

அரசைக் குறை சொல்வது இலேசு. நம் வீட்டுக்குள் வருவோம்.

காத்தான்குடி அப்துர் ரஊப் மௌலவி போதித்த வஹ்ததுல் வுஜூத் விளக்கத்தை நான் ஏற்கவில்லை. படைத்தவனுக்கும் படைப்புக்கும் இடையிலான கோட்டை அது அழித்துவிடுகிறது என்பதே என் நிலைப்பாடு. இன்றைக்கும் அதுதான். ஆனால் 1979இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அவரையும் அவரை ஏற்றோரையும் முர்தத் எனப் பத்வா வழங்கிய பின்னர் நடந்தவை, ஒரு கொள்கையை மறுப்பதன் எல்லையைத் தாண்டியவை. ‘பயில்வான்’ என அறியப்பட்ட எம்.எஸ்.எம். அப்துல்லாவின் கருத்துகள் என்னுடைய அகீதாவிலிருந்து இன்னும் தூரமானவை. 2004இல் அவரைப் பின்பற்றியோரின் வீடுகள் தாக்கப்பட்டன. 2006 டிசம்பரில் அவர் மௌத்தானார். அடக்கப்பட்ட அவரது உடல் தோண்டி எடுக்கப்பட்டது.

2020இல் நம் ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்தபோது நாடு முழுக்க அழுதோம். இறந்த உடலுக்கு மரியாதை வேண்டும் என்று உலகத்திடம் முறையிட்டோம். சரியான முறையீடு அது. ஆனால் நம் ஊர் மையவாடியில் நடந்ததைப் பற்றி நாம் எழுதிய கட்டுரை எங்கே, கவிதை எங்கே, கதை எங்கே? கிழக்கிலங்கை முஸ்லிம் இலக்கியம் கடலையும் வயலையும் இடப்பெயர்வையும் போரையும் நிறையவே பேசியிருக்கிறது. இந்தக் கபுறைப் பற்றி அது பேசியது மிகக் குறைவு. ஒரு விமர்சகனாக இந்த மௌனத்தை நான் பெரிய குறையாகவே காண்கிறேன். அந்த மௌனத்தில் என் பங்கும் உண்டு.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: “என்ன காக்கா, நீங்களும் அவங்கட ஆளா?” இல்லை. ஒருவர் பேசுவதற்கான உரிமையைக் காப்பதும் அவர் பேச்சை ஏற்பதும் வேறு வேறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது: “அப்படியெண்டா சஹ்ரானையும் பேச விட்டிருக்கணுமா?” சஹ்ரானும் ஸூபிகளைத்தான் மேடையில் தாக்கினார். அவர்களின் கொள்கை வழிகேடு என்று அவர் சொன்னதோடு நின்றிருந்தால், அதற்கும் மேடை உண்டு என்றே சொல்வேன். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் நடந்த மோதலில் வாள்கள் வந்தன. அவரும் தலைமறைவானார். வாளும், வாளை ஏவும் வார்த்தையும் கருத்துச் சுதந்திரத்துக்குள் வராது. அங்கேதான் சட்டம் விழித்திருக்க வேண்டும்.

ஞானசார தேரர் விடயத்திலும் இதே அளவுகோல்தான். 2025 ஜனவரியில் அவருக்கு ஒன்பது மாதச் சிறை என்றதும் நம்மில் பலர் மகிழ்ந்தோம். எனக்கும் மனம் குளிர்ந்தது, மறைப்பானேன்? ஆனால் அந்தத் தண்டனை, 2016இல் அவர் இஸ்லாத்தை இழித்துப் பேசியதற்கானது. 2014 ஜூனில் அளுத்கமையில் அவர் பேசிய பேச்சுக்கும் அதன் பின் எரிந்த கடைகளுக்கும் பறிபோன உயிர்களுக்கும் அதில் கணக்கில்லை. நம் மார்க்கத்தை ஏசியவரைத் தண்டித்ததில் திருப்தி கொண்டு, நம் மக்களைத் தாக்கத் தூண்டியவர்களைக் கணக்கில் விட்டுவிட்டோம். ஏச்சுக்கு மறுப்பு எழுதலாம். எரிந்த வீட்டுக்கு என்ன மறுப்பு எழுதுவது?

இந்த நிலைப்பாடு மேற்கிலிருந்து இரவல் வாங்கியது என்பார்கள். குர்ஆனைத் திறந்து பார்க்கட்டும். நபி (ஸல்) அவர்களை மறுத்தோர் அவரைக் கவிஞர் என்றும் சூனியக்காரர் என்றும் பைத்தியக்காரர் என்றும் சொன்னதை அல்லாஹ் தன் வேதத்திலேயே பதிவு செய்திருக்கிறான். எதிரியின் வாதம் அழிக்கப்படவில்லை. அதற்குப் பதில் சொல்லப்பட்டது. அந்த வசனங்களை நாம் தொழுகையில் ஓதுகிறோம்.

வரலாறும் பக்கத்திலேயே இருக்கிறது. கி.பி. 833இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை ஏற்கும்படி ஆலிம்களை வற்புறுத்தத் தொடங்கினார். மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) விலங்கிடப்பட்டார், சிறையிருந்தார், அடுத்த கலீஃபாவின் காலத்தில் கசையடியும் பட்டார். அன்று வழிகேடராகக் காட்டப்பட்டவர் இன்று நமக்கு இமாம். அவர்மீது விழுந்த கசையை நினைத்து வருந்தும் நாம், அதே கசை நம் கைக்கு வரும்போது மட்டும் அதை நியாயம் என்கிறோம்.

ரஊப் மௌலவியின் கொள்கையை மறுத்து இன்னும் எழுதுவேன். அவரது வாதத்தை அவர் சொன்னபடியே முழுமையாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மறுப்பேன். அந்த மறுப்புக்கு அவரது மாணவர் ஒருவர் பதில் எழுதினால், அதையும் இதே பக்கங்களில் வாசிக்க விரும்புகிறேன். அவர் பயமில்லாமல் எழுத முடியாத ஊரில் என் மறுப்புக்கு என்ன மதிப்பு?