டூல்ஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கலாமா?

வண்டியை சர்வீசுக்கு விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து செல்போனைத் தேய்ப்பவர்கள், இரண்டடி தள்ளித் திறந்து கிடக்கும் டூல்ஸ் பெட்டியைக் கண்டுகொள்வதில்லை. அதில் கம்பெனி ஸ்பேனர்கள் இருக்கும். அவற்றை விட்டுவிடுங்கள். அவற்றுக்கு அடியில் கிடப்பவைதான் விஷயம்: எந்தக் கடையிலும் கிடைக்காத, அந்த மெக்கானிக்கோ அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரோ அடித்து, வளைத்து, வெல்டிங் வைத்துச் செய்துகொண்டவை.

இவற்றை ரசிக்கக் கேட்க வேண்டியது இதுதான்: முன்பிறவியில் இது என்னவாக இருந்தது, அங்கிருந்து எந்தக் குணத்தைக் கொண்டுவந்திருக்கிறது?

பைக்கின் கிளட்ச்சைக் கழற்றுவதைப் பாருங்கள். நடு நட்டைத் திருப்பினால் ஹப்பும் கூடவே சுற்றும். அதைப் பிடித்து நிறுத்த ஒன்று வேண்டும். பல பட்டறைகளில் அந்த ஒன்று, தேய்ந்துபோனதென்று கழற்றிப் போட்ட ஸ்டீல் கிளட்ச் பிளேட். அதில் ஒரு கம்பியைக் கைப்பிடியாகப் பற்றவைத்திருப்பார்கள். பிளேட்டின் உள்விளிம்பில் இருக்கும் பற்கள் அதே ஹப்பின் பள்ளத்தில் உட்காருவதற்கென்றே வெட்டப்பட்டவை. தேய்ந்தது பிளேட்டின் முகம்தான், பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. குப்பைக்குப் போக வேண்டிய பொருளில் எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கண்டுபிடித்த மூளையைத்தான் நாம் ரசிக்கிறோம்.

பழைய பாணி லாரி பஞ்சர் கடைகளில் இதைவிட அழகான ஒன்று உண்டு. இரும்பு கிளாம்பில் ட்யூபை விரித்து, ஓட்டைமேல் பச்சை ரப்பர் துண்டை வைத்து, அதன்மேல் ஒரு பழைய பிஸ்டனை இறுக்குவார்கள். தட்டையான தலை கீழே, குழிந்த பக்கம் மேலே. குழியில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினால், ரப்பர் கந்தகத்தோடு சேர்ந்து வெந்து ட்யூபோடு ஒன்றாகிவிடும். இன்ஜினுக்குள் பிஸ்டனின் தலை வெடிக்கும் சூட்டை வாங்கிச் சட்டெனக் கடத்தியது. இங்கேயும் அலுமினியம் அதையே செய்கிறது. ஊற்றும் எண்ணெயின் அளவுதான் கடிகாரம். அது எரிந்து தீர்ந்து சூடு ஆறினால் ஒட்டு தயார்.

மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடைகளுக்குப் போனால் சுவரில் ஒரு பலகை இருக்கும்: ஒரு ஹோல்டர், ஒரு பிளக் பாயிண்ட், 100 வாட் குண்டு பல்பு. சீரிஸ் லேம்ப் என்பார்கள். சந்தேகத்துக்குரிய பொருளுக்கு மின்சாரம் பல்பு வழியாகத்தான் போகும். உள்ளே ஷார்ட் என்றால் 230 வோல்ட்டும் பல்புக்கே வந்து முழுதாக எரியும், ஃபியூஸ் தப்பிக்கும். ஒயர் அறுந்திருந்தால் எரியவே எரியாது. ஃபேன் நன்றாக இருந்தால் மங்கலாக எரியும். டிவியின் பவர் சப்ளை என்றால் முதலில் பளிச்சென்று அடித்துப் பிறகு மங்கும். உள்ளே கெப்பாசிட்டர் நிரம்புகிறது. சிக்கல் அயர்ன் பாக்ஸில்தான். 1000 வாட் அயர்ன் பாக்ஸின் மின்தடை, எரியும் 100 வாட் பல்பின் மின்தடையில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே அது நன்றாக இருந்தாலும் பல்பு ஏறக்குறைய முழு வெளிச்சம் காட்டும். ஷார்ட்டிலிருந்து அதைப் பிரித்துச் சொல்வது கடைக்காரரின் கண். இங்கே பல்பு பிறவி மாறவில்லை, வேலை மட்டும் மாறியிருக்கிறது. வீடெல்லாம் எல்இடி ஆன பிறகும் இவர்கள் குண்டு பல்பைத் தேடி வாங்குவது பழமைப் பற்றால் அல்ல. எல்இடிக்குள் இருக்கும் சர்க்யூட் இந்த நுணுக்கத்தை மறைத்துவிடும்.

எல்லாவற்றையும் பார்த்து வாய்பிளக்க வேண்டியதில்லை. ஸ்க்ரூடிரைவரை உளியாக்கி அடிப்பது கண்டுபிடிப்பு அல்ல, சோம்பல். பழைய அரத்தை அப்படியே உளியாக்குவது ஆபத்தும்கூட: அதன் இரும்பு மிகக் கடினமானது, சுத்தியல் பட்டால் சில்லாகத் தெறித்துக் கண்ணில் பாயலாம். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் செய்த டயர் லீவரோ, வளைந்து கொடுத்து நிமிர்வதற்கென்றே பிறந்த இரும்பு. பட்டையைக் காய்ச்சி அடித்திருந்தால், நல்ல கொல்லர் மறுபடி தோய்ச்சல் போட்டுத்தான் கொடுப்பார். கிரைண்டரில் தீட்டிய முனையையும் உற்றுப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் உரம் இறங்கிவிட்டது, சீக்கிரம் மழுங்கும். கைப்பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தால், அது எந்த இடத்தில் பளபளப்பாகியிருக்கிறது என்று பாருங்கள். அன்றாடம் கைக்கு வருவதா, ஒருமுறை செய்து மூலையில் போட்டதா என்பது தெரிந்துவிடும்.

ரஷ்யக் கலைஞர் விளாதிமிர் அர்ஹிபோவ், சாதாரண மக்கள் தங்கள் தேவைக்குத் தாமே செய்துகொண்ட சாமான்களை 1990களிலிருந்து சேகரித்தவர். செய்தவரின் படத்தையும், ஏன் செய்தார் என்று அவரே சொன்னதையும் பொருளோடு சேர்த்தே வைத்தார். சரியான முறை. ஏனென்றால் பக்கவாட்டில் வளைத்த ஒரு ஸ்பேனரை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும், எந்த வண்டியின் எந்த நட்டுக்காக அது வளைந்தது என்பதைச் செய்தவர்தான் சொல்ல வேண்டும்.

கேட்பதற்கும் நேரம் இருக்கிறது. போல்ட் சிக்கி அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது வேண்டாம். டீ வரும்வரை பொறுங்கள். "அண்ணே, இதை நீங்களே செஞ்சதா?" என்று கேட்டால் போதும், தொழில் கற்ற பட்டறையில் தொடங்கி எல்லாம் வரும். விலைக்குத் தருவீர்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பெட்டியை மூடிவிடுவார்.