நிரல் இலக்கியமா, நூலா?

மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு பட்டியல் தருகிறது. புதினம், கதை, பாட்டு, நாடகம், கட்டுரை, வாழ்க்கை வரலாறு, அகராதி, கடிதம், சொற்பொழிவு, சமயப் பேருரை என்று அடுக்கிக்கொண்டே வந்து, அதே வரிசையில் கணினி நிரலையும் வைக்கிறது. இவை யாவற்றுக்கும் சட்டம் இடும் பொதுப்பெயரைத் தமிழில் எழுதுவோர் 'இலக்கியப் படைப்பு' என்று பெயர்த்து வருகின்றனர். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், பின் வந்த திருத்தங்களால் நிரல் இவ்வினத்திலேயே சேர்ந்தது. அங்கும் தமிழாக்கம் இதுவே. அரசின் சட்ட வாசகங்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் மலேசியச் சட்டம் இப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. சட்டம் தன்னை இலக்கியம் என்று சொல்லிக்கொள்ளாத அடக்கத்தை நாம் பாராட்டலாம். ஆயினும் நிரலை இலக்கியம் என்று தமிழில் சொல்லும்போது நேரும் குழப்பத்தை ஆராயாமல் விடுவதற்கில்லை.

இதனைச் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்குவார்க்கு ஒன்று கூறுவேன். சிம்பாங் அம்பாட் என்னும் பெயர் நாற்சந்தி என்று பொருள்படும். செபராங் பிறை தெற்கில், தோட்டங்கள் சூழ இருந்த ஊர் இது. பாயான் லெப்பாசில் 1972-இல் தொடங்கிய மின்னணுத் தொழில், நீரிணையைக் கடந்து அருகிலுள்ள பத்து காவானுக்கு வந்து சேர்ந்துவிட்டது. 2014-இல் திறந்த இரண்டாம் பாலம் அவ்வரவை விரைவாக்கிற்று. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவரின் பிள்ளைகள் இன்று வீட்டிலிருந்தே நிரல் எழுதி விற்கின்றனர். அவர்களுள் ஒருவர், 'நான் எழுதியது கடைக்கணக்குப் பார்க்கும் நிரல். அது இலக்கியமா என்ன? எனக்கு என்ன உரிமை இருக்கப்போகிறது?' என்று எண்ணுவாராயின், அவரைத் தவறான வழியில் செலுத்தியது ஒரு மொழிபெயர்ப்பே ஆகும்.

ஆங்கிலச் சட்டச் சொல்லின் வேர் இலத்தீனில் 'எழுத்து' என்னும் பொருளது. எழுத்தால் ஆகியது எதுவோ அது என்பதே சட்டத்தின் கருத்து. சுவையோ நயமோ அங்கு வேண்டப்படவில்லை. சட்டைக்கை வெட்டுவதற்கான அட்டை அளவுகோல் ஒன்றைப் பற்றி 1894-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. செய்தியும் அறிவுறுத்தலும் தருவது, அல்லது படிப்பார்க்கு இன்பம் தருவது எதுவோ அதுவே இவ்வினம் என்று அவ்வழக்கில் ஒரு நீதிபதி வரையறுத்தார். அட்டை அதில் தேறவில்லை. 1916-இல் வந்த வழக்கு ஆசிரியர்களுக்கு இன்னும் நெருக்கமானது. இலண்டன் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக்குலேஷன் கணக்குத் தேர்வு வினாத்தாள்களை வேறொரு பதிப்பகம் எடுத்து விடைகளுடன் வெளியிட்டது. வினாத்தாளில் என்ன இலக்கியம் என்று கேட்டதற்கு, நீதிபதி பீட்டர்சன், நடையின் உயர்வு தாழ்வை இச்சட்டம் பாராது, எழுத்தில் அமைந்திருத்தலே போதும் என்று தீர்ப்பளித்தார். பினாங்கு நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாய் இருந்த நாளில் இங்கும் வழங்கியது அந்த 1911-ஆம் ஆண்டுச் சட்டமே. இன்றைய மலேசியச் சட்டமும், தரத்தையும் நோக்கத்தையும் கருதாமல் காப்பு உண்டு என்றே சொல்கிறது. நீங்கள் இரவில் விழித்திருந்து ஆக்கிய இலக்கணப் பயிற்சித்தாளும் இதில் அடங்கும்.

அவ்வாறாயின் தமிழில் இதற்கு உரிய சொல் எது? தொல்காப்பியச் செய்யுளியல், யாப்பின் நிலங்களாக ஏழினைக் கூறுகிறது: பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல். இவற்றுள் பாட்டை முதலில் வைத்து, நூலை அதனின் வேறாக மூன்றாவதாக வைத்த நுட்பம் கருதத்தக்கது. பாட்டு உணர்ச்சியைச் சாரும். நூல் ஒரு பொருளை முறைப்பட வகுத்து, தொடக்கமும் முடிவும் மாறுகொள்ளாமல், சூத்திரம், ஓத்து, படலம் என அடுக்கி நடத்திச் செல்லும். நன்னூலார் இதற்குப் பஞ்சு நூற்பதை உவமையாக்கினார். சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்பவள், அறிவு கதிர் என விரியும் அவ்வுருவகம் ஆசிரியர்கள் அனைவரும் வகுப்பில் சொல்லித்தந்ததே.

கணினி நிரல் எழுதுவோர் செய்வதும் இதுவன்றி வேறன்று. சிறு கட்டளைகளைத் தொகுத்து ஓர் உறுப்பாக்குகின்றனர். உறுப்புகளைத் தொகுத்து ஒரு படலமாக்குகின்றனர். நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களை ஒரு நிரலாசிரியரிடம் படித்துக் காட்டினால் அவர் வியந்து போவார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் ஆகியவை அவர்கள் தொழிலிலும் நாள்தோறும் கடியப்படும் குற்றங்களே. ஒரே கட்டளையை இரண்டிடத்தில் எழுதுவதை அவர்கள் எத்துணை வெறுப்பர் என்பதைக் கேட்டுப் பாருங்கள்! எனவே நிரல் இலக்கியமன்று, நூல் என்பதே என் துணிபு. சட்டத் தமிழில் 'நூற்படைப்பு' என்றோ, குறைந்த அளவு 'எழுத்துப் படைப்பு' என்றோ வழங்குதல் தகும்.

மறுப்பு ஒன்று எழலாம். நூலை மனிதர் படிப்பர். நிரலைப் பொறியன்றோ படிக்கிறது? இம்மறுப்பை உலகின் பெரிய நீதிமன்றங்களே எழுப்பின. ஆப்பிள் நிறுவனத்தின் கணினியில் சில்லுகளுக்குள் பதிந்திருந்த நிரல்களைப் பிராங்கிளின் என்னும் நிறுவனம் அப்படியே படியெடுத்தது. 1983-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பொறிக்கு மட்டும் விளங்கும் நிரலும் காப்புக்கு உரியதே என்றது. ஏறத்தாழ அதே செய்தி ஆஸ்திரேலியாவில் 'வொம்பாட்' என்னும் கணினி பற்றி வழக்காயிற்று. அங்கு 1986-இல் உயர்நீதிமன்றம், கண்ணாற் காணவும் மனிதர் படிக்கவும் இயலாதது இவ்வினத்திற் சேராது என்று நேர்மாறாக முடித்தது. அத்தீர்ப்பு வருமுன்பே, 1984-இல், ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி வழியை அடைத்துவிட்டது. இவ்விரண்டில் ஆஸ்திரேலிய நீதிபதிகளே சொல்லுக்கு உண்மையாய் நடந்தனர் என்பேன். அமெரிக்க நீதிபதிகள் தொழிலுக்கு உதவினர்.

பிராங்கிளின் வழக்கில் சுவையான செய்தி ஒன்றுண்டு. படியெடுத்த நிரலுக்குள் ஆப்பிள் நிரலாசிரியர் ஒருவரின் பெயர் அப்படியே கிடந்தது. திருஞானசம்பந்தர் பதிகந்தோறும் கடைப்பாட்டில் தம் பெயரைப் பொறித்து வைத்தது போல, அவரும் தம் பெயரைப் பொறித்திருந்தார். பிறர் பாடல் என்று எவரும் கொள்ளாமல் காப்பது திருக்கடைக்காப்பின் பயன்களுள் ஒன்று. அது பொறிக்குள்ளும் வேலை செய்தது!

இனி வழிநூலுக்கு வருவோம். தொல்காப்பிய மரபியல் வழிநூலை நால்வகைப்படுத்தும்: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல். பதிப்புரிமைச் சட்டம் 'தழுவல்' என்று காப்பது ஏறக்குறைய இதே பரப்பை. பிரித்தானியாவின் 1988-ஆம் ஆண்டுச் சட்டம், நிரலை ஒரு கணினிமொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதை மொழிபெயர்ப்பு என்ற சொல்லாலேயே குறிக்கிறது. ஒற்றுமை இம்மட்டே. நம் மரபில் வழிநூல் செய்தவன் முதனூலாசிரியனிடம் இசைவு கேட்டதில்லை. தொல்காப்பியச் சூத்திரங்கள் சிலவற்றைப் பவணந்தியார் சொல் மாறாமல் எடுத்து வைத்தார். முன்னோர் சொல்லைப் பொன்போற் போற்றுவதற்காக அவ்வாறு செய்வதாகக் காரணமும் காட்டினார். அங்கு நிலவியது மதிப்பு. உடைமை என்னும் எண்ணம் இல்லை. இன்று அதே செயலைச் செய்யும் நிறுவனம் வழக்கு மன்றம் ஏறும். ஜாவா மொழியின் ஏறத்தாழ 11,500 வரிகளைக் கூகுள் தன் ஆண்ட்ராய்டில் எடுத்தாண்டதற்காக ஆரக்கிள் தொடுத்த வழக்கு 2010-இல் தொடங்கி 2021-இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. அவ்வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்பதை முடிவு செய்யாமலே, எடுத்தாண்டது நேரிய பயன்பாடு என்று கூறி நீதிமன்றம் வழக்கை முடித்தது. பதினோராண்டு வழக்காடும் வலிமை கூகுளுக்கு உண்டு. நாற்சந்தியில் இருவர் சேர்ந்து நடத்தும் கடைக்கு ஏது?

சிறு தொழில் செய்வார்க்கு உண்மையில் இடர் விளைப்பது வேறொரு விதி. இதனை நன்னூலைக் கொண்டே விளக்கலாம். சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டப் பவணந்தி முனிவர் நன்னூலைச் செய்தார் என்று சிறப்புப்பாயிரம் கூறும். நன்னூலின் பதிப்புரிமை யாருக்கு? மலேசியச் சட்டத்தின்படி, ஒருவர் பணித்துச் செய்வித்த படைப்பின் உரிமை, மாறான உடன்பாடு இல்லையெனில், செய்வித்தவருக்கு மாறியதாகவே கொள்ளப்படும். எனவே உரிமை சீயகங்கனுக்கு! இந்தியச் சட்டத்தின்படியோ, ஊதியத்திற்குப் பணியாளாய் இருந்து செய்தாலன்றி, எழுத்துப் படைப்பின் உரிமை எழுதியவரிடமே நிற்கும். எழுத்தாற் கைமாற்றினாலே மாறும். முனிவர் அரசனின் பணியாளர் அல்லர். எனவே உரிமை பவணந்தியாருக்கு.

சங்கத் தொகைகளுக்கும் இவ்வாறே கேட்கலாம். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார்; தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் உக்கிரப்பெருவழுதி. நம் முன்னோர் இருவர் பெயரையும் தனித்தனியே எழுதி வைத்தனர். பொருள் கொடுத்தவன் யார், உழைத்தவன் யார் என்பதை மயங்கவிடவில்லை. இத்தெளிவு இன்றைய கொடுக்கல் வாங்கலில் இல்லை. பத்து காவானில் பண்டகசாலை வைத்திருக்கும் ஒருவர், சிம்பாங் அம்பாட் இளைஞரிடம் சரக்குக் கணக்கிற்கு ஒரு நிரல் எழுதித் தரச் சொல்கிறார் என்று கொள்வோம். வாய்ப்பேச்சு, ஒரு வாட்ஸ்அப் செய்தி, பாதிப்பணம் முன்னதாக, அவ்வளவே உடன்பாடு. இளைஞர் எழுதித் தந்துவிட்டு, அதே நிரலைச் சிறிது மாற்றி வேறு மூவருக்கும் விற்கிறார். தம்முடையது என்று நம்பியே விற்கிறார். சட்டப்படி அது முதலில் கேட்டவருடையது. வேலையின் ஒரு பகுதியைக் கோயம்புத்தூரில் உள்ள நண்பரிடம் ஒப்படைத்திருந்தால், ஒரே நிரலின் இரு கூறுகளுக்கு இரு நாட்டுச் சட்டங்கள் இரு வேறு உரிமையாளரைக் காட்டும் நிலையும் நேரலாம்.

இம்முட்டுப்பாட்டை நீக்க ஒரு தாள் போதும். நிரலின் உரிமை எழுதியவரிடமே நிற்கும், செய்வித்தவர் தம் தொழிலுக்கு அதனைப் பயன்படுத்தலாம் என இருவரும் ஒப்பமிட்டால் சட்டம் அதனை ஏற்கும். மலேசியச் சட்டமே மாறான உடன்பாட்டிற்கு இடம் வைத்துள்ளது. மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் படைப்பை விரும்பி அறிவித்துப் பதியும் முறையும் 2012 முதல் உண்டு. பதிந்தாலன்றி உரிமை இல்லை என்பதில்லை. வழக்கு வந்தால் சான்றாக உதவும். உரிமை கைமாறினாலும் ஆக்கியோன் தன் பெயரைக் கோரும் உரிமையை இவ்விரு நாட்டுச் சட்டங்களும் தனியே காக்கின்றன. இந்த ஓரிடத்தில் சட்டமும் நம் பாயிர மரபும் ஒத்துச் செல்கின்றன. பாயிரம் கேட்கும் எட்டனுள் ஆக்கியோன் பெயர் முன்னிற்பது காண்க.

தமிழ் நாளிதழ்களையும் இங்குச் சிறிது குறைகூற வேண்டியிருக்கிறது. 'காப்புரிமை' என்னும் ஒரு சொல்லை நூலுக்குரிய உரிமைக்கும், புதிய கண்டுபிடிப்புக்குரிய உரிமைக்கும் மாறிமாறி எழுதுகின்றனர். இவை ஒன்றல்ல. முன்னையது எழுதிய அளவிலேயே பிறப்பது; கருத்தைக் காவாது, கருத்தைச் சொன்ன வடிவத்தையே காக்கும். பின்னையது விண்ணப்பித்து, ஆய்வுக்கு உட்பட்டு, பெற வேண்டியது. வாணிகம் நடத்தும் திட்டங்களையும் விதிகளையும் மலேசியாவின் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் அதில் ஏற்பதில்லை. 'என் செயலிக்குக் காப்புரிமை உண்டு' என்று ஒருவர் சொன்னால் எதைச் சொல்கிறார் என்பது அவருக்கே விளங்குவதில்லை. தம் எண்ணத்தையே பிறர் தொடமுடியாது என்று நம்பி முதல் போட்டுவிடுகிறார். மற்றொருவர் அதே எண்ணத்தை வேறு வரிகளில் எழுதி எதிரில் கடை விரிக்கிறார். அவர்மேல் பதிப்புரிமை வழக்குத் தொடுத்து வெல்ல முடியாது. முன்னையதற்குப் பதிப்புரிமை, பின்னையதற்குப் புத்தாக்க உரிமை என்று இரு சொற்களை ஒழுங்காக ஆண்டால் இம்மயக்கம் பெரிதும் நீங்கும்.

புதுப் பொறி வரும்போதெல்லாம் பழைய உரிமையில் புதுக்கிளை முளைப்பது தமிழர்க்குப் புதிதன்று. பாரதியார் 1921-இல் மறைந்தார். இசைத்தட்டும் பேசும்படமும் பரவியபின், அவர் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை தனிச்சரக்காகக் கைமாறி ஏ. வி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. வேறொரு படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது வழக்கும் எழுந்தது. 1949-இல் சென்னை அரசு உரிமையைத் தான் ஏற்று நாட்டுடைமையாக்கிய பின்னரே அச்சிக்கல் தீர்ந்தது.

தமிழ் எழுத்துரு செய்வோரின் நிலை இன்னும் விந்தையானது. அமெரிக்காவில் எழுத்தின் வடிவத்திற்குப் பதிப்புரிமை இல்லை என்று 1978-இலும், அவ்வடிவத்தைத் திரையில் வரையும் எழுத்துருக் கோப்பு நிரலாதலின் அதற்கு உரிமை உண்டு என்று 1998-இலும் தீர்ப்புகள் வந்தன. அகரத்தின் வரிவடிவம் எல்லார்க்கும் பொது. அதனை வரையும் கட்டளைகள் எழுதியவருக்கு உரியன. முரசு அஞ்சல் முதலாக மலேசிய மண்ணிலேயே தமிழ்க் கணிமைக்கு உழைத்தவர் உண்டு. நம் பள்ளிகளிலும் அச்சகங்களிலும் ஓடும் தமிழ் எழுத்துருக்களுள் எத்தனை விலைக்கு வாங்கியவை, எத்தனை நண்பர் கையிலிருந்து படியெடுத்தவை என்பதைத் தலைமையாசிரியர்கள் ஒருநாள் தம் கணினிகளைத் திறந்து பார்த்துச் சொல்லலாம்.