முப்பத்திரண்டு பேரும் ஒரு யாத்ரீகரும்

பயண நூல்களை நம் இல்லங்களில் விரும்பிப் படிக்கின்றனர். ஹஜ் யாத்திரையைப் பற்றிய நூலாயினும், கடல் கடந்த நாடொன்றைச் சுற்றிவந்த கட்டுரையாயினும், ஒருவர் படிக்க மற்றவர் அமர்ந்து கேட்கும் வழக்கம் நம்மிடையே இருந்து வந்திருக்கிறது. ஆனால், அந்நூல்களை மதிப்பிட நம்மிடம் உள்ள அளவுகோல் மிகச் சிறியது. எத்தனை ஊர் பார்த்தார், எவ்வளவு தொலைவு சென்றார், என்னென்ன அதிசயம் கண்டார் என்பதோடு நம் திறனாய்வு நின்றுவிடுகிறது. வேறோர் அளவுகோலை ஈண்டு முன்வைக்க விரும்புகிறோம். வழி காட்டியவருக்கும் சுமை தூக்கியவருக்கும் அந்நூலில் என்ன இடம் கிடைத்திருக்கிறது என்பதே அது.

இவ்வளவுகோல் தோன்றியதற்கு நாம் வாழும் கொருக்குப்பேட்டையும் ஒரு காரணம். துறைமுகத்துக்குப் போகும் சரக்கும் துறைமுகத்திலிருந்து வரும் சரக்கும் இரயிலேறிக் கடந்துசெல்லும் பேட்டை இது. மூட்டை தூக்கியும் வண்டி இழுத்தும் பிழைத்த குடும்பங்கள் இங்கு உண்டு. அக்குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் இன்று நல்ல நிலைக்கு உயர்ந்து, விடுமுறையில் தமக்கென ஒரு வேனும் வழிகாட்டியும் அமர்த்திக்கொண்டு, மூன்று நான்கு நாள்களில் இலங்கையைச் சுற்றி வருகின்றனர். கண்டி, நுவரெலியா, காலி என்று பார்த்த ஊர்களை வரிசையாகச் சொல்கின்றனர். கூட வந்த வழிகாட்டி எந்த ஊரார், தம் தீவைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று கேட்டால் விடை வருவதில்லை. அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. அவ்வாறு பார்க்கவும் கேட்கவும் நம் பயண இலக்கியம் அவர்களுக்குக் கற்றுத் தரவில்லை. கற்றுத் தரத்தக்க ஏடுகளோ ஏறத்தாழ 670 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டன. இப்னு பதூதா (ரஹ்) அவர்களின் ‘ரிஹ்லா’வில் இலங்கையைப் பற்றி வரும் சில பக்கங்களையே குறிப்பிடுகிறோம்.

மொராக்கோவின் தான்ஜியர் நகரில் 1304-ஆம் ஆண்டு பிறந்த இப்னு பதூதா, 1344 ஆகஸ்டில் மாலத்தீவிலிருந்து மஃபர் எனப்பட்ட நம் சோழமண்டலக் கரையை நோக்கிக் கப்பலேறினார். காற்று திசைமாறிக் கப்பலை இலங்கைப் பக்கம் தள்ளியது. தொலைவில் சரன்தீப் மலை புகைத்தூண் போல் தெரிந்ததாம். கரையை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தி கொடியவர் என்று அஞ்சிய மாலுமிகள் இறங்க மறுத்தனர். புயல் வலுக்கவே, இப்னு பதூதா தாமே இறங்கி, தாம் மஃபர் சுல்தானின் உறவினர் என்று கூறி அடைக்கலம் பெற்றார். மன்னர் இருந்த ‘பத்தாலா’ என்னும் ஊர் இன்றைய புத்தளம் என்பர். யாழ்ப்பாண அரசமரபைச் சேர்ந்த அம்மன்னர் பார்ஸி மொழி அறிந்தவர். பிற நாட்டு அரசர்களைப் பற்றிக் கேட்பதில் பெருவிருப்பு உடையவர். முத்துகளை அள்ளிக் கொடுத்து, வேண்டியதைக் கேளும் என்று அவர் சொன்னபோது, ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்ததாகக் கூறப்படும் மலையைக் காண்பதொன்றே தம் ஆவல் என்றார் யாத்ரீகர்.

அதற்கு மன்னர் செய்த ஏற்பாடே நம் ஆய்வுக்குரிய பொருள். ஒரு பல்லக்கும் அதைச் சுமக்க அடிமைகளும் தந்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்றுவரும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், அரசவையினர் பதின்மர், உணவுப்பொருள் சுமப்போர் பதினைவர் ஆகியோரையும் உடன் அனுப்பினார். பல்லக்குத் தூக்கியவர்களை நீக்கிப் பார்த்தாலும் முப்பத்திரண்டு பேர் ஒரே ஒரு விருந்தினருக்காகப் புறப்பட்டனர். இன்று வேனில் செல்வோர்க்குக் கிடைக்காத தனிப்பயணம் அன்றோ இது!

இப்பக்கங்களின் முதற்சிறப்பு, அந்த எண்ணிக்கையை ஆசிரியர் மறைக்காமல் சொல்லியிருப்பது. தாமே வழி கண்டுபிடித்ததைப் போல் எழுதும் பயணிகள் எக்காலத்தும் உண்டு. இப்னு பதூதாவோ, யார் தம்மைக் கொண்டுசென்றனர் என்பதை எடுத்த எடுப்பிலேயே வகைப்படுத்தித் தருகிறார்.

இரண்டாம் சிறப்பு, வழிகாட்டிகளின் அறிவு நூலின் அறிவாக மாறியிருப்பது. காட்டு வழியில் மரத்திலிருந்தும் புல்லிலிருந்தும் பாயும் அட்டைகளுக்கு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும், பின் அதற்கென வைத்திருக்கும் மரக்கத்தியால் அவ்விடத்தைச் சுரண்ட வேண்டும் என்று எழுதுகிறார். மலைக்கு இரண்டு பாதைகள். ‘பாபா’ வழி ஆதம் (அலை) அவர்களுக்குரியது, செங்குத்தானது. ‘மாமா’ வழி அன்னை ஹவ்வா அவர்களுக்குரியது, எளியது. எளிய வழியில் ஏறியவர் யாத்திரை செய்தவராகவே கருதப்படுவதில்லை என்ற ஊர்வழக்கையும் பதிவு செய்கிறார். பாறையில் பத்துச் சங்கிலிகள் பிணைக்கப்பட்டிருந்தன. பத்தாவதைப் பற்றியபடி கீழே நோக்கும்போது வீழ்ந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் நாவில் கலிமா தானே எழுவதால், அதற்குக் கலிமாச் சங்கிலி என்றே பெயர் வந்ததாம். ஏறி இறங்கியவர்களின் வாயிலிருந்தன்றி வேறெங்கிருந்து இச்செய்திகள் கிடைத்திருக்கக்கூடும்? இலங்கை முஸ்லிம்கள் இன்றும் அதைப் ‘பாவாத மலை’ என்றே அழைப்பதை எண்ணும்போது, அந்தப் ‘பாபா’ என்னும் சொல்லின் நெடுவாழ்வு நமக்கு விளங்கும்.

மூன்றாவதாக, உபசாரத்தையும் கடுமையையும் அவர் ஒருங்கே சொல்கிறார். குனக்கார் என்ற தலைநகரின் புறத்தே ஷீராஸ் நகரத்து ஷைகு உஸ்மானின் பள்ளிவாசல் இருந்தது. அவ்வூர் அரசரும் மக்களும் அதைத் தரிசித்து மதித்தனர். அந்த ஷைகே முன்பு மலைக்கு வழிகாட்டியாக இருந்தவர். பசுவை அறுத்தமைக்காக அவருடைய கையும் காலும் வெட்டப்பட்டன; அவர்மீதிருந்த மதிப்பினால் உயிர் விடப்பட்டு, சந்தை ஒன்றின் வருவாயும் அளிக்கப்பட்டது. அதன்பின் அவருடைய மக்களும் அடிமைகளும் வழிகாட்டிகளாயினர். விருந்தோம்பலை மட்டும் சொல்லிப் புகழ்ந்திருக்கலாம். தண்டனையை மட்டும் சொல்லித் தூற்றியிருக்கலாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால்தான் அப்பக்கம் நம்பத்தக்கதாகிறது.

யானைக் கதை ஒன்றும் இங்கே வருகிறது. ஷைகு இப்னு கஃபீஃப் (ரஹ்) அவர்களுடன் வந்தவர்கள் பசியால் யானைக்குட்டியைக் கொன்று தின்றனர். ஷைகு அதைத் தொடவில்லை. இரவில் வந்த யானைகள் ஒவ்வொருவரையும் முகர்ந்து, தின்றவர்களைக் கொன்று, ஷைகை மட்டும் முதுகிலேற்றி மனிதர் வாழும் இடத்தில் சேர்த்தன. அதுமுதல் அந்நாட்டார் முஸ்லிம்களை மதித்து வீட்டுக்குள் அழைத்து உடனுண்டனர் என்கிறார். மௌலானா ரூமி (ரஹ்) அவர்களின் மஸ்னவி மூன்றாம் பாகத்திலும் யானைக்குட்டியைத் தின்றவர்களின் கதை உண்டு. ஆகவே இது ஊர் ஊராய்ச் சுற்றிய கதை. இலங்கைக் காட்டு வழியில் வந்து தங்கியிருக்கிறது. வரலாறாக அன்றி, வழிகாட்டிகள் சொல்லக் கேட்ட கதையாகவே இதைக் கொள்ளல் தகும். எனினும் அது ஏன் அங்கே தங்கியது என்பதே பொருளுடைய வினா. அடுத்தவர் மண்ணில் கைகளை அடக்கி நடந்தவனுக்கே அம்மண் வழிவிடும் என்பது அதன் உட்கிடை. விருந்தாக வருவோர் யாவர்க்கும் அத்தீவு சொல்லிக்கொண்ட நெறி அது எனலாம்.

இனிக் குறைகளைக் கூறாது விடுவது நடுநிலையாகாது. முப்பத்திரண்டு பேரில் ஒருவர் பெயரும் நூலில் இல்லை. காலியில் தமக்கு விருந்தளித்த முஸ்லிம் நாகுதாவின் பெயர் இப்ராஹீம் என்று எழுதத் தெரிந்தவர், நாள்தோறும் தம்முடன் நடந்த யோகியரில் ஒருவரையேனும் பெயர் கேட்கவில்லை. பதினான்காம் நூற்றாண்டு நூலில் இதை எதிர்பார்க்கலாமா என்று சிலர் வினவக்கூடும். பெயர் குறிக்கும் பழக்கம் அவரிடம் நிரம்ப இருந்தது. தம் மார்க்கத்தாரையும் உயர்பதவியினரையும் கண்டபோது அது விழித்துக்கொண்டது, சுமைதூக்கியைக் கண்டபோது உறங்கிவிட்டது என்பதே நம் விடை. சுமைதூக்கிகளின் பேட்டையிலிருந்து படிக்கும் நமக்கு இவ்விடம் உறுத்தாமல் இராது.

அதனினும் பெருங்குறை வேறொன்று. அந்த யோகியர் ஆண்டுதோறும் யாருடைய பாதத்தைக் காணச் சென்றனர்? அவர் கேட்கவே இல்லை. ஆதம் (அலை) அவர்கள் இறங்கிய இடத்தின் பெயர் திருமறையில் இல்லை. சரன்தீப் என்பது பிற்கால அறிவிப்புகளிலும் வரலாற்றாசிரியர் ஏடுகளிலும் காணப்படுவது. 2,243 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தைப் பௌத்தர் ஸ்ரீபாத என்றும், சைவர் சிவனொளிபாத மலை என்றும் போற்றுகின்றனர். நம் தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையும் இரத்தின தீவத்துச் சமந்த மலையுச்சியில் புத்தர் திருவடி உள்ளதாகக் கூறுகிறது. டிசம்பர் பௌர்ணமி தொடங்கி மே மாத வெசாக் வரை இன்றும் பல சமயத்தாரும் இரவெல்லாம் அம்மலை ஏறுகின்றனர். உடன் வந்தவரின் நம்பிக்கையைக் கேட்டறிவதால் நம் ஈமானுக்குக் குறைவேதும் வராது. கேட்டு எழுதியிருந்தால் ரிஹ்லா இன்னும் பெரிய நூலாகியிருக்கும்.

அவர் கேளாது விட்டதைக் கல்லொன்று சொல்லிற்று. இப்னு பதூதா கண்டு வியந்த தீனவர், இன்றைய தெவிநுவரை, அதாவது தேவேந்திரமுனை. அங்கே பெருங்கோயிலும் ஆயிரம் பிராமணரும் யோகியரும் இருந்ததாக அவர் எழுதுகிறார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409-ஆம் ஆண்டைய கல்வெட்டொன்றை இலங்கைக்குக் கொணர்ந்தார். அதில் சீன மொழி புத்தரைப் போற்றுகிறது. தமிழ் தெவிநுவரைக் கோயிலின் தென்னாவரை நாயனாரைப் போற்றுகிறது. பார்ஸி இஸ்லாத்தின் இறைவனைப் போற்றுகிறது. 1911-இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அக்கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோயிலையோ 1588-இல் போர்த்துக்கீசியர் இடித்துவிட்டனர்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. தமிழ் மன்னர் ஒருவர் முஸ்லிம் யாத்ரீகரை வரவேற்றுப் பல்லக்கும் துணையும் தந்த மண் அது. அதே வடபுலத்திலிருந்து 1990 அக்டோபரில் 70,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேர அவகாசமே அளிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்த இடம் புத்தளம். இப்னு பதூதாவுக்கு விருந்து நடந்த அதே ஊர்ப்புறத்தில் அகதிக் கொட்டில்கள் எழுந்தன. 2009-இல் போர் முடிந்தபின் சிலர் திரும்பினர். பலருக்குப் புத்தளமே ஊராகிவிட்டது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 அன்று நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் அப்பாவிகளைக் கொன்றனர். யானைக் கதை சொன்ன நெறியை எல்லாத் தரப்பிலும் மீறியோர் உண்டு என்பதை நாம் மறைக்கலாகாது.

மூன்று நாள் பயணத்தில் இவற்றையெல்லாம் ஆராய இயலாது. நாம் அதை வேண்டவுமில்லை. கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளத்துக்கு நல்ல சாலை உண்டு. இப்னு பதூதாவும் அக்கரையோரமாகத்தான் நடந்தார். அங்கே ஒரு நேரத் தொழுகைக்கு நின்று, பள்ளிவாசலில் இருப்பவரிடம் அவர் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று கேட்கலாம். வேன் ஓட்டும் சகோதரர் சிங்களவராயினும் தமிழராயினும், அவர் பெயரையும் அந்த மலையைப் பற்றி அவர் தாயார் சொன்ன கதையையும் கேட்கலாம். திரும்பிவந்து எழுதுவோர் அவற்றையும் எழுதட்டும்.

மஃபரிலிருந்து மலையாளக் கரைக்குச் சென்றபின், மேலைக் கடலில் கொள்ளையர் பன்னிரண்டு கப்பல்களில் வந்து இப்னு பதூதாவைச் சூழ்ந்தனர். இலங்கை மன்னர் தந்த முத்தும் மாணிக்கமும் அப்போது பறிபோயின. உடுத்திய கால்சட்டை ஒன்றே அவருக்கு மிஞ்சியது. பல்லாண்டுகளுக்குப் பின் ஃபெஸ் நகரில் அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் எழுதி 1355-இல் ரிஹ்லா நிறைவுற்றபோது, சரன்தீபிலிருந்து அவரிடம் எஞ்சியிருந்தவை வழிகாட்டிகள் சொன்ன சொற்களே. எலுமிச்சம்பழமும் பத்தாம் சங்கிலியும் யானையும் நமக்குக் கிடைத்துவிட்டன. சொன்னவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை. நம் காலத்துப் பயண நூல்களேனும் அக்குறையின்றி எழுதப்பட வேண்டும்.