இசைத்தட்டு உறைக்கு ஒட்டுப்போடலாமா?

திருகோணமலை கப்பல்துறைப் பக்கத்து ஈரக்காற்று இசைத்தட்டைவிட அதன் அட்டை உறையைத்தான் முதலில் பதம்பார்க்கும். பூஞ்சணம் புள்ளி வைக்கும். பசையை இராமபாணப் பூச்சி அரிக்கும். 12 அங்குல எல்பியின் கனம் இறங்கும் அடிமடிப்புத்தான் பெரும்பாலும் வாய்பிளக்கும்.

செலோடேப் மட்டும் வேண்டாம். நாளடைவில் மஞ்சளாகிப் பசை கசியும். பிய்த்தால் அச்சும் உரிந்து வரும். அமிலமற்ற தாள்பட்டையை உட்புறம் ஒட்டினால் கிழிசல் அடங்கும், முகப்பும் கெடாது.

தட்டின் விளிம்பு அழுந்தி உறை முகப்பில் விழும் வட்டத் தேய்மானத்துக்கு மார்க்கர் பூசுவது வேறு கதை: அது பழுதுபார்ப்பல்ல, மறைப்பு. பழைய தடங்களையும் மறைக்க வேண்டியதில்லை. கொல்கத்தாவின் டம்டம் ஆலையிலிருந்து வந்த பழைய எச்எம்வி தட்டின் உறையில் கடை முத்திரையோ, வாங்கியவர் கையெழுத்தோ இருந்தால் அப்படியே விடலாம்.

தட்டைத் தனி உள்ளுறையில் இட்டு அட்டைக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் வாய்திறந்த பொலித்தீன் உறையில் நிறுத்தினால் மடிப்புக்குப் பாரமில்லை.